‘இஃப்’ வந்தால் எந்தக் காலம்? ஆங்கில நிபந்தனை வாக்கியங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அலுவலகத்தில் ஒருவரிடம் சற்றுக் கடுமையாகப் பேசிவிட்டீர்கள். மறுநாள் மின்னஞ்சலில் மன்னிப்புக் கேட்க உட்காருகிறீர்கள். ‘நான் உங்கள் மனத்தைப் புண்படுத்தியிருந்தால் மன்னியுங்கள்’ என்று மனத்தில் தோன்றிய தமிழ், விரல் நுனிக்கு வரும்போது இப்படி ஆகிறது:

‘இஃப் ஐ ஹேட் ஹர்ட் யூ, ஐ ஆம் சாரி.’

இந்த இடத்தில் ‘ஹேட் ஹர்ட்’ என்று எழுதினால், ‘நான் புண்படுத்தவில்லை, ஒருவேளை புண்படுத்தியிருந்தால்’ என்ற தொனி வந்துவிடுகிறது. மன்னிப்பின் முதல் பாதியே குற்றத்தை மறுக்கிறது. எழுத வேண்டியது ‘இஃப் ஐ ஹேவ் ஹர்ட் யூ, ஐ ஆம் சாரி’. ‘ஹேட்’ போய் ‘ஹேவ்’ வந்தால் போதும், வாக்கியம் நேர்மையாகிவிடும்.

இந்த ஒரு பிழைக்குள்ளேயே ஆங்கில நிபந்தனை வாக்கியங்களின் முழுக் கணக்கும் அடங்கியிருக்கிறது. அங்கே வினைச்சொல்லின் காலம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. காரியம் எப்போது நடப்பது என்று சொல்கிறது. பேசுபவர் அதை நடக்கக்கூடியது என்று எண்ணுகிறாரா, இல்லாத ஒன்றைக் கற்பனை செய்கிறாரா என்பதையும் அதே வினைதான் சொல்கிறது. இரண்டாவது வேலையைக் கவனிக்காமல் முதல் வேலையை மட்டும் பார்ப்பதால்தான் நாம் தடுமாறுகிறோம்.

பாடப்புத்தகங்கள் இதை ஜீரோ, ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்று நான்கு பெட்டிகளாகப் பிரித்துக் கற்பிக்கின்றன. தேர்வுக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் மேலே சொன்ன மன்னிப்பு வாக்கியம் அந்த நான்கில் எதிலும் இல்லை. நிஜ வாழ்க்கையில் எழுதும் வாக்கியங்களில் பலவும் அப்படித்தான். ஆகவே பெட்டிகளின் எண்களை ஒதுக்கிவைத்துவிட்டு, நமக்கு நன்றாகத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவோம்.

தமிழ் என்ன செய்கிறது?

‘வந்தால்’ என்ற சொல்லைப் பிரித்தால் ‘வந்த்’, ‘ஆல்’ என்று நிற்கும். ‘போனால்’, ‘கேட்டால்’, ‘சொன்னால்’, ‘படித்தால்’ என்று எதை எடுத்தாலும் உள்ளே இருப்பது இறந்தகால அடி. ‘நாளை மழை பெய்தால்’ என்கிறோம். மழை இன்னும் பெய்யவில்லை, ஆனாலும் அந்த இறந்தகால வடிவம் நம் காதை உறுத்துவதில்லை. இறந்தகால வடிவம் இறந்தகாலத்தைக் குறிக்காமலும் வரலாம் என்பது தமிழருக்குப் பழகிய செய்திதான். ஆங்கிலத்தில் ‘இஃப் ஐ ஹேட் மணி’ என்பது இன்றைய நிலையைச் சொல்கிறது என்று கேட்டு வியப்பவர்கள், தாங்கள் நாள்தோறும் ‘பணம் இருந்தால்’ என்று சொல்வதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நமக்கு நிபந்தனைக்கு முக்கியமாக இரண்டே வடிவங்கள்: வந்தால், வந்திருந்தால். ஒவ்வொன்றும் ஆங்கிலத்துக்குப் போகும்போது இரண்டாகப் பிரிகிறது.

‘அவள் கேட்டால் சொல்வேன்’ என்கிறோம். ‘எனக்கு இறக்கை முளைத்தால் பறப்பேன்’ என்றும் சொல்கிறோம். முன்னது நடக்கக்கூடியது, பின்னது நடக்காது. தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘ஆல்’. ஆங்கிலத்தில் முன்னதற்கு ‘இஃப் ஷி ஆஸ்க்ஸ்’ என்று நிகழ்காலமும், பின்னதற்கு ‘இஃப் ஐ ஹேட் விங்ஸ்’ என்று இறந்தகாலமும் வர வேண்டும்.

‘வந்திருந்தால்’ என்பதும் அப்படியே. அவர் வந்தாரா இல்லையா என்று தெரியாதபோது ‘இஃப் ஹி ஹேஸ் கம்’. வரவில்லை என்று தெரிந்த பிறகு ‘இஃப் ஹி ஹேட் கம்’.

ஆக, இரண்டு தமிழ் வடிவங்கள் நான்கு ஆங்கில வடிவங்களாகின்றன. பிரிவது எந்தக் கேள்வியில் என்று பிடித்துக்கொண்டால் மற்றவை தாமே வந்து சேரும்.

படி 1: எப்போது?

‘இஃப்’ இருக்கும் பகுதியை நிபந்தனைப் பகுதி என்றும், மற்றதை விளைவுப் பகுதி என்றும் வைத்துக்கொள்வோம். முதலில் நிபந்தனைப் பகுதியை மட்டும் எடுத்து, அது முடிந்துபோன காலத்தைப் பற்றியதா, இன்றைய அல்லது இனிவரும் காலத்தைப் பற்றியதா என்று கேளுங்கள். தமிழில் ‘வந்தால்’ என்று வந்தால் பெரும்பாலும் இன்று அல்லது நாளை. ‘வந்திருந்தால்’ என்று வந்தால் பெரும்பாலும் நேற்று.

ஓர் எச்சரிக்கை: ‘நேரம் இருந்தால்’ என்பதில் உள்ள ‘இருந்தால்’, ‘வந்திருந்தால்’ வகையைச் சேர்ந்தது அல்ல. அது ‘இரு’ என்ற வினையின் சாதாரண ‘ஆல்’ வடிவம். எனவே அது இன்றைய காலம்.

படி 2: திறந்ததா, கற்பனையா?

நிபந்தனைக்குப் பின்னால் ‘ஆனால் அப்படி இல்லையே’ என்று மனத்துக்குள் சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் அது கற்பனை. ‘நடக்கலாம், நடக்காமலும் போகலாம்’ என்பது பொருந்தினால் அது திறந்த நிபந்தனை.

‘எனக்குக் கார் ஓட்டத் தெரிந்தால் உங்களைக் கொண்டுபோய் விடுவேன்.’ ஆனால் தெரியாதே. கற்பனை.

‘நாளை டிக்கெட் கிடைத்தால் வருவேன்.’ கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். திறந்தது.

படி 3: நிபந்தனையின் வினையை அமையுங்கள்

திறந்த நிபந்தனை என்றால் வினை அந்தந்தக் காலத்தின் இயல்பான வடிவிலேயே நிற்கும். ஒரே ஒரு விதிவிலக்கு: எதிர்காலத்தைப் பற்றியதாக இருந்தாலும் ‘வில்’ வராது, நிகழ்காலம் வரும்.

கற்பனை என்றால் வினை ஒரு படி பின்னால் போகும். இன்றும் நாளையும் பற்றிய கற்பனைக்கு இறந்தகாலம். நேற்றைப் பற்றிய கற்பனைக்கு ‘ஹேட்’ போட்டு, அதன் பின் வினையின் மூன்றாம் வடிவம்.

படி 4: விளைவுக்குத் தனியாகக் கேளுங்கள்

விளைவு எப்போது நடப்பது என்று மீண்டும் ஒருமுறை கேட்க வேண்டும். நிபந்தனையின் காலமும் விளைவின் காலமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நிபந்தனை கற்பனையானால், விளைவில் இன்றைக்கும் நாளைக்கும் ‘வுட்’. நேற்றைக்கு ‘வுட் ஹேவ்’, கூடவே மூன்றாம் வடிவம். முடியும் என்று சொல்ல வேண்டுமானால் ‘வுட்’ இருக்கும் இடத்தில் ‘குட்’, ஒருவேளை என்று சொல்ல வேண்டுமானால் ‘மைட்’.

முறை இவ்வளவுதான். இனி ஒவ்வொரு வகையிலும் எங்கே கால் இடறுகிறது என்று பார்ப்போம்.

திறந்த நிபந்தனை: இன்றும் நாளையும்

‘மழை பெய்தால் போட்டியை ரத்து செய்வார்கள்.’
‘இஃப் இட் ரெயின்ஸ், தே வில் கேன்சல் தி மேட்ச்.’

‘இஃப் இட் வில் ரெயின்’ என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. நாளைய மழை என்பதால் ‘வில்’ வேண்டும் என்று தோன்றுகிறது. எதிர்காலம் என்ற செய்தியை விளைவுப் பகுதியில் உள்ள ‘வில்’ ஏற்கெனவே சொல்லிவிட்டது. நிபந்தனைப் பகுதி அதைத் திரும்பச் சொல்வதில்லை.

இந்த விதி ‘இஃப்’ என்ற சொல்லோடு நிற்காது. ‘வென்’, ‘அன்டில்’, ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’, ‘ஆஸ் சூன் ஆஸ்’, ‘அன்லெஸ்’ எல்லாவற்றுக்குப் பின்னும் எதிர்காலத்துக்கு நிகழ்காலமே. ‘நீங்கள் வந்ததும் அழைக்கிறேன்’ என்பதற்கு ‘ஐ வில் கால் யூ வென் யூ கம்’. ‘வென் யூ வில் கம்’ என்று எழுதக்கூடாது.

‘இஃப்’, ‘வென்’ இரண்டையும் பிரித்தறிவதில் தமிழருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ‘விடிந்தால் கல்யாணம்’ என்கிறோம். விடியுமா என்ற சந்தேகம் யாருக்கும் இல்லை. ‘பத்து மணி ஆனால் கடை திறப்பார்கள்’ என்பதும் அப்படித்தான். நிச்சயமாக நடக்கப்போவதற்கும் தமிழ் ‘ஆல்’ போடும். ஆங்கிலத்தில் நிச்சயமானதற்கு ‘வென்’. ‘இஃப் இட் இஸ் டென் ஓ கிளாக், தே வில் ஓப்பன்’ என்று சொன்னால் பத்து மணி ஆவதே சந்தேகம் போல ஒலிக்கும்.

விளைவுப் பகுதியில் எப்போதும் ‘வில்’தான் வர வேண்டும் என்பதும் இல்லை. கட்டளை வரலாம்: ‘இஃப் யூ சீ ஹிம், டெல் ஹிம் டு கால் மீ.’ ‘கேன்’, ‘மே’, ‘ஷுட்’ வரலாம். எப்போதும் உண்மையாக இருப்பதைச் சொல்லும்போது இரு பகுதியிலும் நிகழ்காலம் வரும்: ‘இஃப் யூ ஹீட் ஐஸ், இட் மெல்ட்ஸ்.’ புத்தகங்கள் ஜீரோ என்று பெயரிடுவது இதைத்தான். அன்றாடப் பழக்கங்களையும் இப்படியே சொல்லலாம். அந்தப் பழக்கம் சிறுவயதுக் காலத்துடையது என்றால் இரண்டும் இறந்தகாலம்: ‘இஃப் இட் ரெயின்ட், வி ஸ்டேட் ஹோம்’, அதாவது மழை பெய்தால் அந்நாட்களில் நாங்கள் வீட்டிலேயே இருப்போம். இங்கே கற்பனை எதுவும் இல்லை. முன்பு உண்மையில் நடந்ததைச் சொல்கிறோம்.

‘இஃப்’ பகுதியில் ‘வில்’ வரும் இடங்கள்

‘இஃப்’ பின்னால் ‘வில்’ வரவே வராது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். நல்ல ஆங்கிலத்தைப் படிக்கும்போது ‘வில்’ கண்ணில் பட்டால் குழம்பிப் போகிறோம். மூன்று இடங்களில் அது சரியே.

முதலாவது, இசைவைக் கேட்கும் இடம். ‘வில்’ என்ற சொல்லின் பழைய பொருளே விரும்புதல். ‘இஃப் யூ வில் வெயிட் எ மினிட், ஐ வில் கால் தி மேனேஜர்’ என்றால், ‘ஒரு நிமிடம் காத்திருக்கச் சம்மதித்தால்’ என்று பொருள். வரவேற்பறைகளில் சொல்லும் மரியாதையான பேச்சு இது. இன்னும் பணிவாகச் சொல்ல ‘இஃப் யூ வுட்’ வரும்.

இரண்டாவது, ‘இஃப்’ என்பது ‘-ஆ’ என்ற வினாப் பொருளில் வரும் இடம். ‘அவர் வருவாரா என்று தெரியவில்லை’ என்பது ‘ஐ டோன்ட் நோ இஃப் ஹி வில் கம்’. இங்கே நிபந்தனையே இல்லை. ‘இஃப்’ இடத்தில் ‘வெதர்’ போட்டுப் பாருங்கள். பொருந்தினால் ‘வில்’ தாராளமாக வரலாம்.

மூன்றாவது சற்று நுட்பமானது. ‘இஃப் இட் வில் ஹெல்ப், ஐ வில் லெண்ட் யூ தி மணி.’ உதவி என்பது கடன் கொடுத்த பிறகு விளைவது. நிபந்தனையில் சொல்லும் காரியம் விளைவுக்குப் பின்னால் நடக்கும்போது ‘வில்’ இடம்பெறுகிறது. மழை வாக்கியத்தில் மழை முதலில், ரத்து பின்னால். இங்கே வரிசை தலைகீழ்.

கற்பனை: இன்றும் நாளையும்

‘எனக்குக் கார் ஓட்டத் தெரிந்தால் உங்களைக் கொண்டுபோய் விடுவேன்.’
‘இஃப் ஐ குட் டிரைவ், ஐ வுட் டேக் யூ தேர்.’

‘கேன்’ ஒரு படி பின்னால் போய் ‘குட்’ ஆனது. ‘வில்’ பின்னால் போய் ‘வுட்’ ஆனது. ‘வுட்’ என்பது ‘வில்’லின் இறந்தகால வடிவம்தான் என்று தெரிந்துகொண்டால் இரு பகுதிகளும் ஒரே அடி பின்வாங்குவது தெளிவாகும்.

‘இஃப்’ பகுதியிலேயே ‘வுட்’ போடுவது இங்கு நேரும் பெரும்பிழை. ‘இஃப் ஐ வுட் ஹேவ் எ கார்’ என்று எழுதாதீர்கள். ‘இஃப் ஐ ஹேட் எ கார்’ என்பதே சரி. இசைவைக் கேட்கும் மரியாதைப் பேச்சைத் தவிர, நிபந்தனைப் பகுதியில் ‘வுட்’ தென்பட்டால் அதைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

‘இஃப் ஐ வேர் யூ’ என்பதில் ‘ஐ’க்குப் பின் ஏன் ‘வேர்’? பழைய ஆங்கிலத்தில் இல்லாததையும் விரும்பியதையும் சொல்ல வினைக்குத் தனி வடிவங்கள் இருந்தன. காலப்போக்கில் அவை பெரும்பாலும் மறைந்துவிட, எஞ்சி நிற்கும் சிலவற்றில் இந்த ‘வேர்’ ஒன்று. இன்றைய பேச்சில் ‘இஃப் ஐ வாஸ்’ என்றும் சொல்கிறார்கள். எழுத்திலும் தேர்விலும் கற்பனைக்கு ‘வேர்’ எழுதுவது பாதுகாப்பு. ‘இஃப் ஐ வேர் யூ’ என்ற அறிவுரை வாக்கியத்திலோ ‘வேர்’தான் நன்றாக ஒலிக்கும்.

இந்தப் பாதுகாப்பு யோசனையைப் பின்பற்றுபவர்கள் எல்லா இடத்திலும் ‘வேர்’ போடத் தொடங்கிவிடக் கூடாது. ‘நேற்று நான் கடுமையாக நடந்துகொண்டிருந்தால் மன்னியுங்கள்’ என்பதற்கு ‘இஃப் ஐ வாஸ் ரூட் யெஸ்டர்டே, ஐ ஆம் சாரி’ என்று ‘வாஸ்’ தான் வர வேண்டும். அது உண்மையான நேற்று, கற்பனை கலந்தது அல்ல.

ஒரே நிகழ்வைத் திறந்ததாகவும் கற்பனையாகவும் சொல்லலாம் என்பதையும் மறக்க வேண்டாம். தேர்தலில் நிற்கும் வேட்பாளர் ‘இஃப் ஐ வின், ஐ வில் பில்ட் எ பிரிட்ஜ்’ என்பார். ‘இஃப் ஐ வன், ஐ வுட் பில்ட் எ பிரிட்ஜ்’ என்று அவரே சொன்னால், வெற்றியில் அவருக்கே நம்பிக்கை இல்லை என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். வேலைக்கான நேர்முகத் தேர்வில் இதைக் கவனமாகக் கையாள வேண்டும். ‘வாட் வுட் யூ டூ இஃப் எ கஸ்டமர் ஷவுட்டட் அட் யூ?’ என்று கேட்டால் அது கற்பனைக் கேள்வி. பதிலும் அதே தளத்தில் ‘ஐ வுட் லிசன் ஃபர்ஸ்ட்’ என்று தொடங்க வேண்டும். கேள்வியில் ‘வுட்’ வந்தால் பதிலிலும் ‘வுட்’ என்று வைத்துக்கொண்டால் பதற்றத்திலும் தவறாது.

இந்த ஒரு படிப் பின்வாங்கல் பணிவையும் தரும். ‘நாளை வந்தால் பரவாயில்லையா?’ என்பதற்கு ‘வுட் இட் பி ஆல்ரைட் இஃப் ஐ கேம் டுமாரோ?’ என்கிறார்கள். ‘டுமாரோ’ இருக்கிறது, வினையோ ‘கேம்’. வருவதை முடிவுசெய்துவிடவில்லை, உங்கள் சொல்லுக்குக் காத்திருக்கிறேன் என்பதை அந்த இறந்தகாலம் காட்டுகிறது.

கற்பனை: நேற்று

‘எனக்குத் தெரிந்திருந்தால் வந்திருப்பேன்.’
‘இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் கம்.’

தமிழும் ஆங்கிலமும் அழகாகப் பொருந்தும் இடம் இது. ‘தெரிந்திருந்தால்’ என்பது ‘ஹேட் நோன்’. ‘வந்திருப்பேன்’ என்பது ‘வுட் ஹேவ் கம்’. வகுப்பில் கடினம் என்று பெயர் எடுத்த தேர்ட் கண்டிஷனல்தான் தமிழருக்கு எல்லாவற்றிலும் எளிது என்பது என் கருத்து.

கேட்கும்போது மட்டும் ஒரு தடை வரும். பேச்சில் ‘இஃப் ஐட் நோன், ஐட் ஹேவ் கம்’ என்று இரண்டு இடத்திலும் ‘ஐட்’ என்றே காதில் விழும். முதல் ‘ஐட்’ என்பது ‘ஐ ஹேட்’. இரண்டாவது ‘ஐ வுட்’. இரண்டும் ‘வுட்’ என்று எண்ணிக்கொள்வதால்தான் ‘இஃப் ஐ வுட் ஹேவ் நோன்’ என்ற பிழை பிறக்கிறது. அமெரிக்கப் பேச்சில் இந்த வடிவத்தை நிறையவே கேட்கலாம். ஆனால் கடிதத்திலும் தேர்விலும் அதை ஏற்கமாட்டார்கள். ‘வுட் ஹேவ்’ என்பது வேகப் பேச்சில் ‘வுடவ்’ என்று ஒலிப்பதைக் கேட்டு ‘வுட் ஆஃப்’ என்று எழுதுவோரும் உண்டு. அப்படி ஒரு வடிவமே ஆங்கில இலக்கணத்தில் இல்லை.

திறந்த நேற்று: அதிகம் கவனிக்காத இடம்

தொடக்கத்தில் சொன்ன மன்னிப்பு வாக்கியம் இந்த வகைதான். பாடப்புத்தகங்கள் இதைப் பெரும்பாலும் கடந்துபோகின்றன. தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் இதனால்தான் பொருள் மாறிப்போகிறது என்பதால் சற்று நின்று பார்ப்போம்.

வீட்டுக்கு அப்பா வந்துவிட்டாரா என்று அறைக்குள் இருப்பவருக்குத் தெரியவில்லை. தம்பியிடம் சொல்கிறார்: ‘அப்பா வந்திருந்தால் செருப்பு வாசலில் இருக்கும், போய்ப் பார்.’ இது திறந்த நிபந்தனை. ஆங்கிலத்தில் ‘இஃப் அப்பா ஹேஸ் கம், ஹிஸ் ஸ்லிப்பர்ஸ் வில் பி அட் தி டோர்.’

தம்பி போய்ப் பார்த்துவிட்டு வருகிறான். வாசலில் ஒன்றும் இல்லை. இப்போது அவன் சொல்கிறான்: ‘அப்பா வந்திருந்தால் செருப்பு வாசலில் இருக்குமே.’ அப்பா வரவில்லை என்ற முடிவு இதற்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘இஃப் அப்பா ஹேட் கம், ஹிஸ் ஸ்லிப்பர்ஸ் வுட் பி அட் தி டோர்.’

நிபந்தனைப் பகுதியில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ‘இருக்கும்’ என்பது ‘இருக்குமே’ ஆனது, அவ்வளவுதான். அந்த ஓர் ஏகாரம் செய்யும் வேலைக்கு ஆங்கிலம் ‘ஹேஸ்’ இடத்தில் ‘ஹேட்’, ‘வில்’ இடத்தில் ‘வுட்’ என்று இரண்டு வினைகளை மாற்றுகிறது. உங்கள் தமிழ் வாக்கியத்தின் இறுதியில் ‘இருக்குமே’, ‘வந்திருப்பாரே’, ‘சொல்லியிருப்பேனே’ என்று ஏகாரம் இயல்பாக ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் அது கற்பனைதான்.

திறந்த நேற்றில் சாதாரண இறந்தகாலமும் வரலாம். ‘ஆறு மணிக்குக் கிளம்பியிருந்தால் இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பார்.’ கிளம்பினாரா என்பது நமக்குத் தெரியாது. ‘இஃப் ஹி லெஃப்ட் அட் சிக்ஸ், ஹி வில் ஹேவ் ரீச்ட் பை நவ்.’ ஆறு மணி என்று குறிப்பிட்ட நேரம் சொல்லிவிட்டதால் ‘ஹேஸ் லெஃப்ட்’ வராது. நேரம் சொல்லாதபோது ‘ஹேஸ்’ அல்லது ‘ஹேவ்’ பொருத்தமாக இருக்கும்.

இரண்டு காலங்கள் கலக்கும்போது

படி 4 இதற்காகத்தான். ‘அன்று சட்டம் படித்திருந்தால் இன்று வக்கீலாக இருப்பேன்.’ நிபந்தனை நேற்றைய கற்பனை, விளைவு இன்றையது. ‘இஃப் ஐ ஹேட் ஸ்டடீட் லா, ஐ வுட் பி எ லாயர் நவ்.’ ‘வுட் ஹேவ் பீன்’ என்று இழுக்க வேண்டியதில்லை.

இதன் எதிர்த்திசையும் உண்டு. ஒருவரின் மாறாத குணத்தை நிபந்தனையாக வைத்து, நேற்று நடந்ததை விளைவாகச் சொல்லலாம். ‘அவனுக்குக் கொஞ்சம் கவனம் இருந்தால் போனைத் தொலைத்திருக்க மாட்டான்.’ ‘இஃப் ஹி வேர் மோர் கேர்ஃபுல், ஹி வுட் நாட் ஹேவ் லாஸ்ட் ஹிஸ் ஃபோன்.’ கவனக்குறைவு இன்றும் தொடர்கிறது, ஆகவே ‘வேர்’.

கூடவே வரும் சில சொற்கள்

‘அன்லெஸ்’ என்பதற்குள்ளேயே ‘இல்லாவிட்டால்’ இருக்கிறது. ‘அன்லெஸ் யூ டோன்ட் கம்’ என்று எழுதினால் எதிர்மறை இரண்டாகி, பொருள் தலைகீழாகும். ‘நீங்கள் வராவிட்டால்’ என்பது ‘அன்லெஸ் யூ கம்’.

‘இருந்தாலும்’ என்பதை மொழிபெயர்க்கும்போது நிதானிக்க வேண்டும். ‘நாளை மழையாக இருந்தாலும் போவேன்’ என்பது ‘ஈவன் இஃப் இட் ரெயின்ஸ்’. ‘அவர் பணக்காரராக இருந்தாலும் எளிமையானவர்’ என்பது நடப்பு உண்மை, ஆகவே ‘ஆல்தோ ஹி இஸ் ரிச்’ அல்லது ‘ஈவன் தோ’. பணம் இருப்பது உறுதியானபோது ‘ஈவன் இஃப்’ வராது.

‘மழை வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே குடை எடுத்துக்கொள்’ என்பதற்கு ‘டேக் அன் அம்பிரல்லா இன் கேஸ் இட் ரெயின்ஸ்’. ‘இஃப் இட் ரெயின்ஸ்’ என்று சொன்னால், மழை தொடங்கிய பிறகு எடுத்தால் போதும் என்றாகிவிடும்.

‘ஐ விஷ்’ என்ற ஆசை வாக்கியங்களும் இதே ஒரு படிக் கணக்கில்தான் நடக்கின்றன. இன்று தெரியவில்லை என்ற ஏக்கத்துக்கு ‘ஐ விஷ் ஐ நியூ’. அன்று தெரியாமல் போயிற்றே என்பதற்கு ‘ஐ விஷ் ஐ ஹேட் நோன்’.

அலுவல் கடிதங்களில் ‘இஃப்’ இல்லாமலே நிபந்தனை வருவதைப் பார்த்திருப்பீர்கள். ‘ஹேட் ஐ நோன்’, ‘வேர் ஐ டு ரிசைன்’, ‘ஷுட் யூ நீட் எனி ஹெல்ப்’ என்று வினை முன்னால் வந்துவிடும். காலம் மாறுவதில்லை, ‘இஃப்’ மறைந்து வினை அதன் இடத்தைப் பிடிக்கிறது. மூன்றில் ‘ஷுட்’ வகை மட்டும் திறந்த நிபந்தனை, மற்றவை கற்பனை. படித்துப் புரிந்துகொள்வதற்கு மூன்றும் தேவை. எழுதும்போது எளிய ‘இஃப்’ போதும்.

நிறுத்தக்குறி பற்றி ஒரே குறிப்பு: ‘இஃப்’ பகுதி முன்னால் வந்தால் அதன் முடிவில் காற்புள்ளி, பின்னால் வந்தால் வேண்டியதில்லை.

கையில் எடுத்துப் பழக

தமிழ் வாக்கியத்தை எடுத்து நான்கு படிகளையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரே வினையை இரண்டு சூழ்நிலைகளில் வைத்துப் பழகினால் வேறுபாடு மனத்தில் பதியும்.

‘என் கடிதம் கிடைத்திருந்தால் பதில் போடுங்கள்.’ காலம் நேற்று. கிடைத்ததா என்பது தெரியாது, ஆகவே திறந்தது. விளைவு ஒரு வேண்டுகோள். ‘இஃப் யூ ஹேவ் ரிசீவ்ட் மை லெட்டர், ப்ளீஸ் ரிப்ளை.’

‘உங்கள் கடிதம் கிடைத்திருந்தால் பதில் போட்டிருப்பேனே.’ காலம் நேற்று. கிடைக்கவில்லை, கற்பனை, ஏகாரமும் இருக்கிறது. விளைவும் நேற்று. ‘இஃப் ஐ ஹேட் ரிசீவ்ட் யுவர் லெட்டர், ஐ வுட் ஹேவ் ரிப்ளைட்.’

‘நேரம் இருந்தால் வருகிறேன்.’ இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ‘இஃப் ஐ ஹேவ் டைம், ஐ வில் கம்.’ ‘நேரம் இருந்தால் வரமாட்டேனா?’ என்று ஒருவர் அலுத்துக்கொண்டால், நேரம் இல்லை என்கிறார். ‘இஃப் ஐ ஹேட் டைம், ஐ வுட் கம்.’

கடைசியாகச் சற்றுக் கடினமான ஒன்று. ‘எனக்கு நீச்சல் தெரிந்திருந்தால் ஆற்றில் குதித்திருப்பேன்.’ தமிழில் ‘தெரிந்திருந்தால்’ என்று இருப்பதால் கை தானாக ‘ஹேட் நோன்’ பக்கம் போகும். படி 1 கேள்வியை இங்கே தமிழ் வடிவத்தை வைத்துக் கேட்காமல், உண்மை நிலையை வைத்துக் கேளுங்கள். பேசுபவருக்கு இன்றும் நீச்சல் தெரியாது என்றால் நிபந்தனை இன்றையது, குதிப்பது மட்டும் நேற்றையது: ‘இஃப் ஐ குட் ஸ்விம், ஐ வுட் ஹேவ் ஜம்ப்ட் இன்டு தி ரிவர்.’ அதன்பின் அவர் நீச்சல் கற்றுக்கொண்டுவிட்டார், அன்றைக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்தது என்றால் ‘இஃப் ஐ ஹேட் நோன் ஹவ் டு ஸ்விம், ஐ வுட் ஹேவ் ஜம்ப்ட் இன்டு தி ரிவர்.’